நெகிழ்வட்டில் வந்த முகம்

2024 நவம்பர் கடைசி வாரம். வங்கக் கடலில் உருவான தாழமுக்கம் கிழக்கு மாகாணம் முழுவதையும் நனைத்துக்கொண்டிருந்தது. மட்டக்களப்பு வாவி கரைமீறி நின்றது. ஆரையம்பதியில் எங்கள் ஒழுங்கையில் கணுக்கால் அளவு தண்ணீர். மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. அப்படியொரு மாலையில்தான் சுவிற்சர்லாந்திலிருந்து அந்த மின்னஞ்சல் வந்து சேர்ந்தது.

எழுதியவர் நாவலடியில் பிறந்த பெண். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் எழுந்து வந்தபோது அவருக்குப் பதினான்கு வயது. தாயும் மகளும் தப்பினார்கள், தகப்பனார் தப்பவில்லை. வீடு இருந்த இடத்தில் அத்திவாரம்கூட மிஞ்சவில்லை. கல்யாண அல்பம், தகரப்பெட்டி, அடையாள அட்டை எல்லாமே கடலோடு போயின. தகப்பனாரின் படம் ஒன்றே ஒன்றுதான் பிறகு கிடைத்தது. மீனவர் கூட்டுறவுச் சங்க அட்டையொன்றில் ஒட்டியிருந்த சிறிய கறுப்பு வெள்ளைப் படம். அதை அவருடைய மாமா எங்கிருந்தோ தேடியெடுத்து, 2005 டிசம்பரில் நாங்கள் வெளியிட்ட முதலாம் ஆண்டு நினைவுச் சிறப்பிதழுக்குத் தந்திருக்கிறார். மாமா இப்போது இல்லை. அட்டையும் இல்லை. கவனமாக வைத்திருந்த பத்திரிகைப் பிரதி வீடு மாறி நாடு மாறித் திரிந்ததில் தொலைந்துபோயிற்று.

'இருபதாவது ஆண்டு வருகிறது. அப்பாவின் படத்தைப் பெரிதாக்கி வைக்க விரும்புகிறேன். அம்மாவுக்கு இப்போது ஞாபகம் குறைந்துகொண்டு போகிறது. அப்பாவின் முகம் எப்படி இருக்கும் என்று என்னிடமே கேட்கிறா' என்று எழுதியிருந்தார்.

உடனே பதில் எழுதினேன். பக்கங்கள் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன, இரண்டொரு நாளில் அனுப்பிவைக்கிறேன் என்று. முப்பதாண்டுக்கு மேல் பத்திரிகையில் இருந்தவன், சரிபார்க்காத தகவலை இவ்வளவு உறுதியாக எழுதியிருக்கக் கூடாது.

பக்கங்கள் என்னிடம் இருந்தது உண்மை. ஆனால் அவை எந்த வடிவத்தில் இருந்தன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். எங்கள் வாரப்பத்திரிகை சிறியது. இரண்டு அறை, மூன்று கணினி, ஓர் அச்சுப்பொறி. பக்கம் வடிவமைத்தது பேஜ்மேக்கரில், எழுதியது பாமினி எழுத்துருவில். அந்தக் காலத்தில் ஈழத்துத் தமிழ்ப் பத்திரிகை உலகத்தின் பெரும்பகுதி இப்படித்தான் ஓடியது. பாமினியில் உள்ள விடயம் என்னவென்றால், கணினிக்குத் தான் தமிழ் எழுதுவதே தெரியாது. ரோமன் எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடங்களில் தமிழ் உருவங்களைக் குடியமர்த்தி வைத்திருந்தார்கள். கணினி தன் மனதில் ஏதோ பொருளற்ற ரோமன் எழுத்துகளை வைத்திருக்கும். எழுத்துரு அதன்மேல் தமிழ் முகமூடியைப் போட்டுக் காட்டும். எழுத்துருவைக் கழற்றினால் மரண அறிவித்தலும் கோழிக்கறி விளம்பரமும் ஒரே கிறுக்கல்தான்.

பத்திரிகை நின்றுபோன பிறகு, கட்டி வைத்திருந்த பழைய இதழ்களில் பாதியைக் கறையான் தின்றது, மீதியை ஒரு மாரிமழை தின்றது. மிஞ்சியவை இறுவட்டுகள்தான். வாராவாரம் பக்கங்களை இறுவட்டில் எழுதி, மேலே பேனையால் திகதி போட்டு, சப்பாத்துப் பெட்டியொன்றில் போட்டுவைப்பது எங்கள் பக்க வடிவமைப்பாளரின் பழக்கம். அந்தத் தம்பியை நாங்கள் பகிடி பண்ணாத நாளில்லை. அந்தப் பெட்டியைத்தான் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பிறகு எல்லாவற்றையும் ஒரு வெளி வன்தட்டில் ஏற்றினேன். ஆனால் திறப்பது எப்படி? பேஜ்மேக்கரின் ஏழாம் பதிப்பே கடைசிப் பதிப்பு. வெளிவந்தது 2000களின் தொடக்கத்தில். அதை ஓட்டிய விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசொப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் திகதியோடு ஆதரவை நிறுத்திக்கொண்டது. என் மேசையிலிருப்பதோ லினக்ஸ்.

அதற்குத்தான் மெய்நிகர் இயந்திரம். கணினிக்குள் இன்னொரு கணினி இருப்பதுபோல் பாவனை செய்யும் மென்பொருள். உள்ளே இருக்கும் எக்ஸ்பிக்குத் தான் 2003ஆம் ஆண்டுக் கணினியொன்றில் ஓடிக்கொண்டிருப்பதாகவே எண்ணம். தட்டு, திரை, வலையமைப்பு அட்டை எல்லாம் அதற்குக் காட்டப்படும் மாயத் தோற்றங்கள். இது புதுமையான யோசனையும் அல்ல. ஐபிஎம் நிறுவனம் 1960களிலேயே தன் பெருங்கணினிகளில் இதைச் செய்து பார்த்து, 1972இல் விஎம்/370 என்று சந்தைக்கே கொண்டுவந்துவிட்டது. மேசைக் கணினிகளுக்கு இது பரவலாக வந்தது 1999இல் விஎம்வெயர் தன் முதல் மென்பொருளை வெளியிட்ட பிறகு. நான் பயன்படுத்தியது பல ஆண்டுகளுக்கு முன் நிறுவிய ஒன்று. அதன் பெயர் வேண்டாம். அதைப் புதுப்பிக்காமல் விட்டவன் நான்.

எக்ஸ்பி மெய்நிகர் இயந்திரத்துக்குள் இருந்தது. பக்கங்கள் வெளியே, வன்தட்டில். இரண்டுக்கும் நடுவே ஒரு மெய்நிகர் வலையமைப்பு. அதன் வழியேதான் பக்கங்கள் உள்ளே போகும், திறந்து எடுத்தவை வெளியே வரும். பத்தாண்டாக ஒரு குறையுமில்லாமல் நடந்தது.

அந்த ஆண்டு ஒக்டோபரில் லினக்ஸை அடுத்த பதிப்புக்கு உயர்த்தியிருந்தேன். கேர்னல் 5.15 என்பதிலிருந்து 6.8க்குப் போயிற்று. எழுதுவது, படிப்பது, மின்னஞ்சல் பார்ப்பது எல்லாம் முன்போலவே இருந்தன. மெய்நிகர் இயந்திரத்தை நான் திறந்து பார்க்கவில்லை. திறக்கத் தேவையும் வரவில்லை.

'கேர்னல்' என்ற சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது என்று ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறேன். இலங்கைப் பத்திரிகைக்காரனின் காதில் அந்த ஒலி விழுந்தால் வேறொரு சொல்தான் முன்னால் வந்து நிற்கும். 'கேணல்' என்று எத்தனை தலைப்புகளில் எழுதியிருக்கிறோம்! காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1930களில் சென்னையில் அறிவியல் கலைச்சொல்லாக்கத்துக்காக உழைத்தவர். அவர் இருந்திருந்தால் நல்லதொரு சொல் தந்திருப்பார். நான் 'கரு' என்றே எழுதுகிறேன். தேங்காய்க்குள் பருப்புப் போல இயங்குதளத்தின் நடுவிலிருக்கும் பகுதி. வன்பொருளோடு நேரே பேச உரிமையுள்ளது அது மட்டுமே. மற்ற மென்பொருள் எதற்கும் எதுவும் வேண்டுமானால் அதனிடம்தான் கேட்கவேண்டும்.

சரி, கதைக்கு வருகிறேன். மெய்நிகர் இயந்திரத்தைத் திறந்தேன். இந்தக் கருவுக்குப் பொருந்தும் தொகுதிகள் இல்லை, அவற்றைத் தொகுக்க முயன்று தோற்றேன் என்று மென்பொருள் சொல்லிற்று. இணையத்தில் தேடினேன். யாரோ ஒருவர் அந்தப் பழைய மென்பொருளுக்கு ஒட்டு ஒன்று எழுதிப் போட்டிருந்தார். அதை ஒட்டித் தொகுத்தேன். பிழையில்லாமல் தொகுந்தது. அப்போதும் கணினி ஏற்க மறுத்தது. கையொப்பமில்லாத தொகுதியைக் கருவுக்குள் விடமாட்டேன் என்றது. இப்போதைய கணினிகளில் பாதுகாப்பான தொடக்கம் என்றொரு காவல் இருக்கிறது. என் பெயரில் ஒரு சாவியை உருவாக்கி, கணினியை மறுபடி தொடக்கி, நீலத்திரையொன்றில் அந்தச் சாவியைப் பதிவு செய்து... நள்ளிரவு தாண்டிற்று. ஒருவழியாகத் தொகுதி ஏறியது. மனதுக்குள் ஒரு பெருமிதம். எக்ஸ்பியைத் தொடக்கினேன். அதன் பச்சைப் புல்வெளி தெரிந்தது. வலையமைப்பு இணைகிறது என்ற சிறு குமிழ் மூலையில் எழும்பியது.

அவ்வளவுதான். எல்லாம் உறைந்தது. எலி நகரவில்லை. விசைப்பலகையில் பெரிய எழுத்து விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது.

மின்சாரத்தில் பிழை என்று நினைத்தேன். அணைத்துப் போட்டேன். மீண்டும் அதே இடம், அதே சிமிட்டல். மூன்றாம் முறையும். காலையில் என் தங்கையின் மகனை அழைத்தேன். கொழும்பில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை பார்ப்பவன். விளக்கு சிமிட்டுவதைச் சொன்னதும் அவன் சிரித்தான்.

"மாமா, அது கரண்ட் பிழை இல்ல. கேர்னல் பனிக். உங்கட கொம்பியூட்டர் செத்துப்போயிட்டெண்டு விளக்கைக் காட்டிச் சொல்லுது. பழைய கேர்னல் இருக்குமே, தொடங்கக்குள்ள அதைத் தெரிவுசெய்து பாருங்க."

"அதையெல்லாம் துடைச்சிட்டன் மனே. வட்டில இடம் காணாதெண்டு."

மறுமுனையில் கொஞ்சநேரம் சத்தமில்லை. வைத்தியர்கள் நோயாளியின் மடத்தனத்தைக் கேட்டுவிட்டு இருக்கும் அதே மௌனம்.

லினக்ஸ் எப்போதும் பழைய கருவொன்றையாவது வட்டில் விட்டுவைக்கும். புதியதில் கோளாறு வந்தால் பழையதில் ஏறித் தப்பிக்கொள்ளத்தான் அந்த ஏற்பாடு. வீடு கூட்டுகிறேன் என்று நான் கட்டளையிட்டு அதையும் கூட்டித் தள்ளியிருக்கிறேன். இதை வாசிப்பவர்களில் லினக்ஸ் பாவிப்பவர் யாராவது இருந்தால், புதிய கருவில் உங்கள் வேலைகளையெல்லாம் ஒருமுறை ஓட்டிப் பார்க்கும்வரை பழையதைத் தொடாதீர்கள்.

"அப்ப என்ன எழுதிச் செத்ததெண்டு பார்ப்பம்" என்றான். பதிவேட்டில் முந்தைய அமர்வின் கருச்செய்திகளைத் தேடச் சொன்னான். தேடினேன். எக்ஸ்பி தொடங்கிய நேரம்வரை எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. அதற்குமேல் ஒன்றுமில்லை. கொலை நடந்த இரவின் பக்கம் மட்டும் கிழிக்கப்பட்ட பொலிஸ் புத்தகம் போல.

ஏன் அப்படி என்பதையும் அவன்தான் விளக்கினான். கருவுக்குள் பிழை நேர்ந்தால் எப்போதும் முழுக் கணினியும் சாவதில்லை. சாதாரணமான ஒரு பணியைச் செய்யும்போது தடுக்கி விழுந்தால், அந்தப் பணியை மட்டும் கொன்றுவிட்டுக் கரு தொடர்ந்து ஓடப் பார்க்கும். ஆனால் வலையமைப்புச் செலுத்திகள் பெரும்பாலும் இடைமறிப்பு என்னும் நிலையில் வேலை செய்கின்றன. வெளியிலிருந்து ஒரு பொட்டலம் வந்ததும், நடந்துகொண்டிருக்கும் எல்லாவற்றையும் நிறுத்திவைத்து அதைக் கவனிக்கவேண்டும். அந்த நிலையில் விழுந்தால் கொல்வதற்குத் தனியே ஒரு பணி இல்லை. கரு தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். நின்றுவிட்ட கரு வட்டில் எதையும் எழுதாது. ஆகவே மரண வாக்குமூலம் திரையில் மட்டுமே தெரியும், அதுவும் வரைகலைத் திரை மறைக்காமல் இருந்தால்.

வழி சொன்னான். எக்ஸ்பியைத் தொடக்கிவிட்டு உடனே எழுத்து மட்டும் தெரியும் கறுப்புத் திரைக்கு மாறவேண்டும், கைத்தொலைபேசிக் கமராவைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கவேண்டும். நான் மணற்கொள்ளை லொறிகளைப் படமெடுக்கப் பற்றைக்குள் காத்திருந்தவன். காத்திருப்பது எனக்குப் புதிதல்ல. இருபது விநாடி கழித்துத் திரை நிறைய வெள்ளை எழுத்துகள் கொட்டின. படமெடுத்து அனுப்பினேன்.

அந்தப் படத்தை அவனோடு சேர்ந்து வாசித்தது எனக்கு நல்ல அனுபவம். செய்தியறையில் வாக்குமூலம் வாசிப்பது போலவே இருந்தது. நடுவில் அழைப்புத் தடம் என்று ஒரு பட்டியல். யார் யாரை அழைத்து, கடைசியில் யார் விழுந்தார் என்பது அதில் இருக்கிறது. கடைசியில் நடந்தது மேலே, முதலில் நடந்தது கீழே. ஆகவே கீழிருந்து மேலே வாசிக்கவேண்டும். பொட்டலம் வந்தது, வலையமைப்பு அடுக்கு அதை எடுத்தது, மெய்நிகர் இயந்திரத்தின் வலையமைப்புத் தொகுதியிடம் கொடுத்தது, அங்கே விழுந்தது. விழுந்த இடத்தின் வரியில் அந்தத் தொகுதியின் பெயர் பச்சையாக இருந்தது. இன்னொரு வரியில் 'கறைபட்டது' என்ற குறிப்பும், பக்கத்தில் ஓரிரு எழுத்துகளும். கருவின் சொந்த மரத்துக்கு வெளியேயிருந்து வந்த தொகுதி ஏற்றப்பட்டிருக்கிறது என்பதற்கான அடையாளம். முறைப்பாடு கொண்டுவருபவரின் கருவில் அப்படிக் கறையிருந்தால் உருவாக்குநர்கள் அதிகம் காது கொடுப்பதில்லை. வெளியாரைக் கொண்டுவந்தவன் நீ, அவர்களிடமே போய்க் கேள் என்பார்கள். கடுமையாகத் தோன்றினாலும் நியாயம்தான்.

"பிழையில்லாமல்தானே தொகுந்தது, பிறகேன் விழுந்தது?" என்று கேட்டேன். எழுத்துப்பிழை இல்லாத செய்தி உண்மையான செய்தி ஆகிவிடுமா மாமா என்று அவன் திருப்பிக் கேட்டான். எனக்கே பாடம்.

இதில் உள்ள அடிப்படையை விளங்கிக்கொள்ள எனக்கு மண்முனைத் துறைதான் உதவிற்று. 2014 ஏப்ரலில் பாலம் திறக்கப்படும்வரை எங்கள் ஊரிலிருந்து வாவியைக் கடந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் போகப் 'பாதை'தான். வெளியூர் வாசகர்களுக்காக: எங்கள் பக்கத்தில் பாதை என்றால் ஆளும் வண்டியும் ஏற்றிக் கடக்கும் மிதவை. பாதை நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. இரண்டு கரையிலும் அது முட்டும் இறங்குதுறை சரியான உயரத்தில் இருக்கவேண்டும். வாவி பெருகினாலோ வற்றினாலோ ஒரு பக்கம் பொருந்தாது. மோட்டார் சைக்கிளோடு தண்ணீரில் விழுந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். மெய்நிகர் இயந்திரத்தின் வலையமைப்புத் தொகுதியும் அப்படி இரண்டு கரைக்கு நடுவே ஓடுவது. அக்கரையில் எக்ஸ்பி, அது இருபதாண்டாக அசையவில்லை. இக்கரையில் லினக்ஸ் கரு. அது இரண்டு மூன்று மாதத்துக்கொரு முறை புதுப் பதிப்பு காண்கிறது.

1991 ஆகஸ்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் அறிவித்த நாளிலிருந்து வளர்ந்துவந்த இந்தக் கருவுக்கு இரண்டு முகம். வெளியே சாதாரண மென்பொருள்களுக்குக் காட்டும் முகத்தை மாற்றவேகூடாது என்பதில் டோர்வால்ட்ஸ் பிடிவாதமானவர். நேற்று ஓடிய மென்பொருள் இன்று ஓடாமல் போனால் அது கருவின் பிழை என்பார். உள்ளே தொகுதிகளுக்குக் காட்டும் முகம் அப்படியல்ல. அதற்கு உத்தரவாதம் எதுவுமில்லை, எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம் என்று கிரெக் குரோ-ஹார்ட்மன் எழுதிய ஆவணமொன்று கருவின் மூலநிரலோடேயே வைக்கப்பட்டிருக்கிறது. காரணமும் சொல்லியிருக்கிறார். உள்ளே பிழையான வடிவமைப்பைக் கண்டால் திருத்தும் சுதந்திரம் வேண்டும். பழையதைக் காப்பாற்றுவதற்காகப் பிழையைச் சுமக்கக் கூடாது. மரத்துக்குள்ளேயே இருக்கும் செலுத்திகளுக்கு இதனால் துன்பமில்லை. ஒருவர் உள் இடைமுகமொன்றை மாற்றினால், அதைப் பயன்படுத்தும் எல்லாச் செலுத்திகளையும் அவரே திருத்தித் தரவேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். வெளியே இருப்பவர்கள்தாம் தாமே ஓடிப் பிடிக்கவேண்டும். ஒவ்வொரு புதிய கருவுக்கும் வெளித் தொகுதிகளைத் தானாக மறுபடி தொகுத்துக்கொடுக்க டெல் நிறுவனத்தார் 2000களின் தொடக்கத்தில் டிகேஎம்எஸ் என்றொரு கருவியே செய்தார்கள். அது தொகுத்துத்தான் தரும். மாறிப்போன உலகத்துக்குப் பழைய நிரலைப் பழக்கித் தராது.

வலையமைப்புத் தொகுதி ஏன் முதலில் விழுகிறது என்றும் கேட்டேன். அந்தப் பகுதியில்தான் மாற்றம் அதிகம் என்றான். வேகம், வேகம் என்று ஒவ்வொரு பதிப்பிலும் யாராவது எதையாவது நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள்.

கருவுக்குள் ஒருவர் விழுந்தால் வீடே விழும் என்பதற்கு அதே ஆண்டில் உலகம் பார்த்த உதாரணம் உண்டு. 2024 ஜூலை 19ஆம் திகதி கிரவுட்ஸ்றைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு புதுப்பிப்பு, விண்டோஸ் கருவுக்குள் ஓடிய அதன் செலுத்தியை விழுத்திற்று. ஏறக்குறைய 85 இலட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசொப்ட் மதிப்பிட்டது. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய ஏறுசீட்டுகள் கொடுத்தார்கள். அந்தச் செய்தியை அன்று நான் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அப்போது 'செலுத்தி' என்ற சொல்லுக்கு நான் எழுதிய விளக்கம் தவறு என்பது இப்போதுதான் தெரிகிறது.

டிசம்பர் முதல் வாரம் வந்துவிட்டது. சுவிஸ் சகோதரியிடமிருந்து இரண்டாவது மின்னஞ்சல். அவசரமில்லை என்று தொடங்கி, 20ஆம் திகதிக்குள் கிடைத்தால் அச்சிடக் கொடுக்கலாம் என்று முடிந்தது. அவசரமில்லை என்று ஒருவர் எழுதும்போது எவ்வளவு அவசரம் என்பது நமக்குத் தெரியாதா!

மருமகன் சொன்ன அடுத்த உபாயம் மிக எளியது. வலையமைப்பு அட்டையைப் பிடுங்கிவிடுங்கள். மெய்நிகர் இயந்திரத்தின் அமைப்பில் அட்டையை நீக்கினேன். எக்ஸ்பி தொடங்கியது, நின்றது, ஓடியது. பேஜ்மேக்கரும் திறந்தது. நாலு நாள் சண்டைக்கு இரண்டு சொடுக்கில் சமாதானம். ஆனால் பாதை இல்லாத வாவி அது. பக்கங்கள் இக்கரையில், பேஜ்மேக்கர் அக்கரையில்.

உள்ளே கொண்டுபோவதற்கு எனக்கே ஒரு யோசனை வந்தது. அந்தப் பக்கங்கள் முதலில் இருந்தது இறுவட்டில்தானே? சிறப்பிதழின் கோப்புறையை ஒரு இறுவட்டுப் படிமமாக மாற்றி, மெய்நிகர் இறுவட்டுத் தட்டில் 'வைத்தேன்'. எக்ஸ்பி அதை உண்மையான இறுவட்டென்றே நம்பி வாசித்தது. பாமினி முகமூடி ஒழுங்காகப் பொருந்த, பக்கம் திறந்தது.

நாலு பக்கச் சிறப்பிதழ். மூன்றாம் பக்கம் முழுவதும் முகங்கள். வரிசைக்கு ஆறு. நாவலடி, டச்பார், கல்லடி, திருச்செந்தூர் என்று ஊர் ஊராகப் பிரித்திருந்தோம். இந்த நாட்டில் 30,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன அலையில் எங்கள் பக்கத்துக்குள் அடங்கியவர்கள் கொஞ்சப் பேர்தான். படங்களைச் சேர்க்க நாங்கள் இருவர் சைக்கிளில் முகாம் முகாமாகத் திரிந்தோம். பல பேருக்குப் படமே கிடைக்கவில்லை. அவர்களுக்கு ஒரு விளக்கின் கோட்டோவியம். அதை வரைந்ததும் அந்தப் பக்க வடிவமைப்பாளத் தம்பிதான். நாலாம் வரிசையில் இரண்டாவதாக அவர் இருந்தார். மேற்சட்டைப் பொத்தான் கழுத்துவரை பூட்டி, சங்கத்துக் கமராவுக்குப் பயந்தவர் போல் நேரே பார்த்துக்கொண்டு. சங்க முத்திரையின் ஒரு வளைவு தோளில் விழுந்திருந்தது.

திரையில் தெரிந்த படம் மங்கலானது. பேஜ்மேக்கர் வேகத்துக்காகத் திரையில் தாழ்ந்த தரத்தில்தான் காட்டும். உண்மையான படம் கோப்புக்குள் இருக்கிறது. சிறிய படமானதால் பக்கத்துக்குள்ளேயே பொதிந்திருந்தது. பெரியதாக இருந்திருந்தால் வெளியே தனிக்கோப்பாக எங்கோ போயிருக்கும். அதைப் பிரதியெடுத்துத் தனியே சேமித்தேன். கடவுச்சீட்டு அளவு, அங்குலத்துக்கு 300 புள்ளி, கறுப்பு வெள்ளை. அளவைப் பார்த்தேன். 200 கிலோபைட்டுக்குச் சற்று மேல்.

இறுவட்டில் உள்ளே கொண்டுவரலாம், எழுதி வெளியே கொண்டுபோக முடியாது. அப்போதுதான் கண்ணில் பட்டது, எக்ஸ்பியின் பட்டியலில் யாரும் சீண்டாத முதல் எழுத்துத் தட்டு. நெகிழ்வட்டு! மெய்நிகர் இயந்திரத்துக்கு மெய்நிகர் நெகிழ்வட்டும் உண்டு. 1.44 மெகாபைட். காலிப் படிமமொன்றை உருவாக்கிக் கொடுத்தேன். எக்ஸ்பி அதை வடிவமைத்து, படத்தை எழுதிற்று. ஒரு காலத்தில் தேர்தல் முடிவுகளை நெகிழ்வட்டில் போட்டு, சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு மழையில் ஓடியிருக்கிறேன். இந்த வட்டுக்குச் சேட்டுப் பையும் தேவைப்படவில்லை. இந்தப் பக்கம் லினக்ஸ் அந்தப் படிமத்தை மறுகேள்வியில்லாமல் திறந்து காட்டிற்று. அன்றிரவே படத்தை அனுப்பினேன்.

மறுநாள் பதில் வந்தது. படம் கிடைத்ததைப் பற்றி இரண்டே வரி. பிறகு ஒரு வேண்டுகோள். முழுப் பக்கமும் கிடைக்குமா, அப்பாவோடு போன மற்றவர்களின் முகங்களோடு சேர்த்து அச்சிட்டு நாவலடிக்காரர் கூடும் இடத்தில் வைக்கவேண்டும் என்று. முழுப் பக்கம் நெகிழ்வட்டில் அடங்காது. ஆகவே வலையமைப்பைச் சரிசெய்வதைத் தவிர வேறு வழியில்லை.

அந்தப் பழைய மென்பொருளோடு மல்லுக்கட்டுவதை விட்டோம். லினக்ஸ் கருவுக்குள்ளேயே மெய்நிகராக்கம் இருக்கிறது. கேவிஎம் என்பது பெயர். 2007இல் வெளிவந்த 2.6.20ஆம் பதிப்பிலிருந்து மரத்துக்குள் இருப்பது. கியூமு என்னும் மென்பொருளோடு சேர்ந்து முழுக் கணினியையும் பாவனை செய்யும். மரத்துக்குள்ளிருப்பதால் கரு மாறும்போது அதுவும் கூடவே மாறும். பழைய இயந்திரத்தின் வட்டுக் கோப்பை ஒரு கட்டளையில் புது வடிவத்துக்கு மாற்றினோம். மாற்றுமுன் பிரதியெடுத்தேன், துடைப்பக்கட்டையை இம்முறை தூக்கவில்லை. எந்த வலையமைப்பு அட்டையைக் காட்டுவது என்பதில்தான் ஒரு யோசனை. இக்காலத்துக்கு ஏற்றது விர்ட்ஐஓ. அது உண்மையான எந்த அட்டையையும் நடிக்காது. நீயும் மெய்நிகர், நானும் மெய்நிகர், சுற்றிவளைக்காமல் பேசுவோம் என்னும் ஏற்பாடு. ரஸ்டி ரசல் என்பவர் தொடக்கிவைத்து, 2008 ஜனவரியில் 2.6.24 பதிப்போடு கருவில் சேர்ந்தது. வேகமானது. ஆனால் அதற்குரிய செலுத்தி எக்ஸ்பியிடம் இல்லை. தேடி ஏற்றவேண்டும். மருமகன் ரியல்டெக் 8139 என்ற பழைய அட்டையைக் காட்டச் சொன்னான். எக்ஸ்பி பிறக்கும்போதே தெரிந்துவைத்திருந்த அட்டை. கண்டதும் பழைய சிநேகிதனைப் போல் அடையாளம் கண்டுகொண்டது.

அதற்குப் பிறகும் ஒரு தடை இருந்தது. எக்ஸ்பிக்குத் தெரிந்த கோப்புப் பகிர்வு முறை மிகப் பழையது. பாதுகாப்பில் ஓட்டைகள் கண்டபிறகு புதிய லினக்ஸ் அதைத் தானாகப் பேசுவதில்லை. பேசவைக்க ஒரு வரி போதும், ஆனால் அதற்காகக் கதவைத் திறந்துவைக்க எனக்கு மனமில்லை. எஃப்டிபி வழியாகக் கடத்தினோம். எக்ஸ்பிக்கு வெளி இணையத்தைக் காட்டவே இல்லை. அந்த வயதில் அது வெளியே போய் என்ன செய்யப்போகிறது?

டிசம்பர் 14, சனிக்கிழமை. பக்கத்தைப் பிடிஎஃப்பாக மாற்றி வெளியே எடுத்து, பெரிதாக்கி ஒரு முறை வாசித்தேன். அனுப்புமுன் வாசிப்பது பழக்கதோஷம். வாசித்தபோதுதான் கவனித்தேன். அவருடைய பெயருக்கு முன்னால் உள்ள முதலெழுத்து, மகள் மின்னஞ்சலில் எழுதியதுபோல் இல்லை. 'சி' இருக்கவேண்டிய இடத்தில் 'கி'. மாமா எழுதித் தந்த துண்டை வாசித்துத் தட்டச்சுக்குக் கொடுத்தவன் நான்தான். என்னுடைய பிழை. பத்தொன்பது ஆண்டாக அச்சில் இருக்கிறது.

சகோதரிக்கு அது முன்பே தெரிந்திருந்தது. எழுதிக் கேட்டபோது, அந்த நாளிலேயே அம்மா கவனித்ததாகவும், பத்திரிகைக்காரர்களுக்கு எவ்வளவு வேலை என்று சொல்லி விட்டுவிட்டதாகவும் எழுதினார். இப்போது முடிந்தால் திருத்தித் தருவீர்களா என்றும் கேட்டிருந்தார்.

பேஜ்மேக்கர் திறந்திருந்தது. பாமினி இருந்தது. ஒரேயொரு விசை. விரலை வைத்துவிட்டு எடுத்தேன். அச்சில் வந்த பக்கத்தை வந்தபடியே வைத்திருப்பதுதான் ஆவணம். பிறகு உட்கார்ந்து ஒரு எழுத்தைத் திருத்துகிறவன் நாளைக்கு ஒரு பெயரையும் திருத்துவான். ஆனால் இது தினசரியின் அரசியல் பக்கம் அல்ல. ஒரு வீட்டின் சுவரில் தொங்கப்போகும் தாள். இரவு முழுக்க யோசித்தேன் என்று சொன்னால் மிகை. அரை மணி நேரம் யோசித்தேன்.

இரண்டு கோப்புகள் அனுப்பினேன். ஒன்று 2005 டிசம்பரில் வெளிவந்த பக்கம், உள்ளபடி. மற்றது திருத்திய பக்கம், அடியில் சிறிய எழுத்தில், முதற்பதிப்பில் முதலெழுத்துத் தவறாக அச்சாயிற்று, வருந்துகிறோம், 2024 டிசம்பர் என்று. பாமினியில்தான் தட்டச்சு செய்தேன். விரல்கள் மறக்கவில்லை.

26ஆம் திகதி மாலை சுவிஸிலிருந்து ஒரு படம் வந்தது. மேசையில் விளக்கு, பூ, பெரிதாக்கிய முகம். பக்கத்தில் நாற்காலியில் முதிய தாய். படத்தோடு குறிப்பு ஒன்று: 'அம்மா கனநேரம் பாத்துக்கொண்டிருந்தா. பிறகு, அந்தச் சேட்டு இவருடையது இல்ல, தம்பியிட்ட வாங்கிப் போட்டுக்கொண்டு போனவர் எண்டு சொன்னா.'